கரண்ட் கட்சி, காற்றுக் கட்சி

ஒரு பேண்டு போட்டியின் விதியை மாற்றியதற்காக ஜனங்கள் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சினிமா நடிகருக்காக அடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிரிக்கெட்டுக்காக டி.வி.யை உடைத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தாம்பரத்தில், இரண்டாயிரங்களின் பிற்பாதியில், கீபோர்டுக்காகச் சண்டை போட்டார்கள். அதுவும் எங்கே? காலை மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அந்தச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்று நினைத்தாலும் கோபத்துக்கு முன்னால் அலுப்புதான் வருகிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். குரோம்பேட்டையிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் உள்ள பள்ளிக்கூடங்களின் பேண்டு குழுக்களுக்கு வருஷா வருஷம் ஒரு போட்டி நடக்கும். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெரிய மைதானம். பிள்ளைகள் டிரம், டிரம்பெட், கிளாரினெட்டோடு அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். வரிசையும் கலையக்கூடாது, காலும் தப்பக்கூடாது, சுருதியும் விலகக்கூடாது. நானும் என் சிநேகிதியும் அந்தப் பள்ளிகளில் ஒன்றில் சேர்ந்து படித்தவர்கள். நான் சைடு டிரம், அவள் டிரம்பெட். படிப்பு முடிந்து, கல்யாணமாகி, நான் சைதாப்பேட்டையிலும் அவள் எழும்பூரிலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோதும் அந்தப் போட்டிக்கு மட்டும் லீவு போட்டுவிட்டாவது போய்விடுவோம். எங்களைப் போலப் பழைய மாணவிகள், பிள்ளைகளைப் பெற்றவர்கள், எந்த வாத்தியமும் தெரியாமல் வெறும் பைத்தியத்தினால் வருகிறவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் உண்டு. எந்தப் பள்ளிக்கூடம் எந்த வருஷம் எந்தத் திருப்பத்தில் கால் தப்பியது என்று மறக்காமல் வைத்திருந்து சொல்லிக்காட்டும் கூட்டம். "உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லியா?" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டு வேலை. வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குவார்.

என் மகளும் அதே பள்ளியில் சேர்ந்து அதே பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். நான் சொல்லிச் சேரவில்லை, அவளாகவே போய்ப் பெயர் கொடுத்தாள். எட்டாவது படிக்கும்போது வீசிங் வந்தது. மழைக்காலத்தில் பிடித்த இழுப்பு வெயில் வந்த பிறகும் விடவில்லை. ஊதுகிற வேலையே வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிரம்மைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தாள், அதற்கும் இழுத்தது. கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அழவில்லை. ஆனால் தினமும் பயிற்சி முடிகிற வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்து, மற்ற பெண்களின் இறகு வைத்த தொப்பிகளை அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். "உனக்கு எதுக்குடி அந்த வேலை?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "இறகு மடங்கிடும்மா, ஒழுங்கா வைக்க மாட்டாளுங்க" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் போட்டி நடத்தும் சங்கத்தார் விதியை மாற்றினார்கள். இனிமேல் மின்சார வாத்தியங்களும் சேர்த்துக்கொள்ளலாம். கீபோர்டு, மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மைதானத்தின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். அதை வாசிக்கிறவர் நடக்க வேண்டாம், நின்ற இடத்தில் நின்று வாசித்தால் போதும். பேண்டு மாஸ்டர் என் மகளைக் கூப்பிட்டு, கீபோர்டில் நிற்கிறாயா என்று கேட்டார். லீவு நாட்களில் கிளாசுக்குப் போய் அவள் ஓரளவு பழகியிருந்தாள். அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வரைக்கும் ஓடிவந்து சொன்னாள். பல மாதம் கழித்து அன்றுதான் நான் ஒரு காபியை ஆறுவதற்குள் குடித்தேன். அந்த விதி இருக்கிற வரைதான் அவளுக்குப் பேண்டில் இடம். விதி போனால் அவளும் வெளியே. மற்றவர்கள் கலை, காலம், மரபு என்று என்னென்னவோ பேசினார்கள். எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. கீபோர்டு வரட்டும் என்றவர்கள் கரண்ட் கட்சி. ஊதுகிறதும் அடிக்கிறதும்தான் பேண்டு என்றவர்கள் காற்றுக் கட்சி. காற்றுக் கட்சிக்குத் தலைவி யார் என்கிறீர்கள்? என் சிநேகிதியேதான்.

"இன்னாடி நியாயம் இது?" என்று சானடோரியம் ஸ்டேஷனில் ஏறும்போதே ஆரம்பிப்பாள். "ஊதுறவ மூச்ச புடிச்சுகினு, வெயில்ல காஞ்சு, நடந்துகினே வாசிக்கிறா. இவ ஓரமா நின்னுகினு பொத்தான அமுக்குவாளாம். ரெண்டுக்கும் ஒரே மார்க்கா? அப்ப பேண்டுக்கும் கல்யாணக் கச்சேரிக்கும் இன்னா வித்தியாசம்?"

எதிர் சீட்டில் உட்கார்ந்து வரும் ஒரு காலேஜ் டீச்சர், கரண்ட் கட்சிக்காரர், விடமாட்டார். "காலம் மாறுது மேடம். நீங்க மைக் இல்லாமதான் பாடணும்னுகூடச் சொல்வீங்க போல."

"சொல்லுவேன். பாடத் தெரிஞ்சவளுக்கு மைக் எதுக்கு?"

பல்லாவரம் வருவதற்குள் பெட்டியே இரண்டாகிவிடும். ஒருநாள் பூக்கார அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார். "இன்னாமா, தெனிக்கும் இதே பேஜாரா கீது! ஊதுனா இன்னா, அமுக்குனா இன்னா? பூ வேணுமா வேணாமா, அத்த சொல்லுங்க." இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தது அன்று ஒருநாள்தான். கிண்டி தாண்டியதும் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் கீபோர்டு சத்தம் ஒத்துவராது. வெயிலில் பித்தளை முழங்கி நெஞ்சில் வந்து மோதுவது ஒரு தினுசு. அது ஸ்பீக்கரில் வராது. இதைச் சிநேகிதியிடம் சொன்னால் மகளுக்குத் துரோகம், மகளிடம் சொன்னால் அவளைக் கொன்றது போல. அதனால் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டே போய் வந்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். விதியை எடுக்கச் சொல்லிக் காற்றுக் கட்சியார் பெட்டிக்குள் கையெழுத்து வேட்டை நடத்தியபோது, சிநேகிதி என்னை மட்டும் தாண்டி அடுத்த சீட்டுக்குப் போனாள். கேட்காமல் விட்டாளே என்று நன்றியாகவும் இருந்தது, கேட்காமலே விட்டாளே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் பிளாட்பாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் பொண்ண நான் ஒண்ணும் சொல்லலடி. அவ எனக்கும் பொண்ணு மாதிரிதான். ரூல்தான் தப்பு."

"சரி விடு" என்றேன். அந்த வருஷம் முழுக்க நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

போட்டி நாள் வந்தது. ஏரியாவுக்கு ஏரியா நேரம் போட்டுக் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. அதனால் கீபோர்டு வைத்திருந்த பள்ளிக்கூடங்கள் சேர்ந்து ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மத்தியானம் சொன்ன நேரத்துக்குக் கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, சொன்ன நேரத்துக்குக் கரண்ட் திரும்பி வந்தது. இவ்வளவு ஒழுங்காக நடந்ததே தப்பு என்று யாருக்காவது தோன்ற வேண்டாமா? முடிச்சூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஜெனரேட்டர்காரர் நச்சரித்தார். இன்றைய கரண்ட் கட்டுதான் முடிந்துவிட்டதே, போகட்டும் என்று மாஸ்டர்கள் எல்லாரும் ஒருமனதாக அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கால் தப்பாமல் நடக்கச் சொல்லிக்கொடுத்துக் கொடுத்து, கரண்டும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடம் அதற்குப் பிறகுதான் மைதானத்தில் இறங்கியது.

நானும் சிநேகிதியும் எப்போதும் போலப் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பிள்ளையின் கால் நிற்கிற வரைக்கும் யாரும் கைதட்ட மாட்டார்கள். நடுவில் தட்டினால் பிள்ளைகளுக்குத் தாளம் குழம்பும். புதிதாக வந்த யாராவது அவசரப்பட்டுத் தட்டினால் சுற்றி இருப்பவர்கள் திரும்பி ஒரு முறை முறைப்பார்கள், அத்தோடு அடங்கிவிடுவார்கள்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது மெதுவான பாட்டு. கிளாரினெட் வாசிக்கப் பிள்ளைகள் குறைவாக இருந்ததால் அதன் நடுப்பகுதி முழுவதையும் மாஸ்டர் கீபோர்டுக்குக் கொடுத்திருந்தார். டிரம்பெட்டெல்லாம் அடங்கிவிடும், டிரம் விளிம்பில் மட்டும் மெல்லத் தட்டுவார்கள், என் மகள் தனியாக வாசிப்பாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் விரலால் தட்டித் தட்டி அவள் பழகிய இடம் அது. தொடங்கினாள். எனக்கு ஒத்துவராத அந்தச் சத்தம் அன்று ஒத்துவந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சுரம் பிசகவில்லை. நான் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாதியில் கரண்ட் போய்விட்டது.

மைதானத்தில் பூட்ஸ் சத்தமும் டிரம் விளிம்பில் டக் டக் என்ற சத்தமும் மட்டும் கேட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அப்புறம் எங்கள் பக்கத்திலிருந்தே ஒரு விசில் வந்தது. "போச்சுடா!" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு, அதைத் தொடர்ந்து கைதட்டல். எந்தக் கூட்டம் நடுவில் தட்டக்கூடாது என்று ஊரையே முறைத்ததோ அந்தக் கூட்டம் எழுந்து நின்று தட்டியது. என் பக்கத்தில் இருந்தவளும் எழுந்து தட்டினாள். என்னைப் பார்த்ததும் அவள் கை பாதியில் நின்றுவிட்டது.

அவள் ரூலைப் பார்த்துத்தான் தட்டினாள், எனக்குத் தெரியும். ஆனால் மைதானத்து ஓரத்தில் ரூல் நிற்கவில்லை. இறகு வைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு என் பெண்தான் நின்றிருந்தாள்.

என் மகள் கையை எடுக்கவில்லை. சத்தமே இல்லாத கீபோர்டில் விரல் ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை, பைத்தியக்காரி, விட்டுத் தொலையேன் என்று பல்லுக்குள் முணுமுணுத்தேன். பிறகுதான் பார்த்தேன், டிரம்பெட் பெண்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் மறுபடி எடுக்க வேண்டிய இடம் கீபோர்டு முடிகிற இடம். அது கேட்காததால் அவள் தலையை அசைத்து அசைத்துக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பெரிய தலையசைப்பு. டிரம்பெட்டுகள் மொத்தமாக, ஒரே மூச்சில், சரியாக எடுத்தன. காற்றுக் கட்சி இன்னும் பலமாகக் கைதட்டியது. பார்த்தாயா, கரண்ட் இல்லாமலே வருகிறதே என்று அர்த்தம்.

எங்கள் பள்ளிக்குப் பரிசு எதுவும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "டிரம்பெட்டு கரெக்டா எடுத்தாங்கல்லம்மா?" எடுத்தார்கள் என்றேன்.

சில மாதம் கழித்துச் சங்கத்தார் விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மின்சாரத்தை நம்பிப் போட்டி நடத்த முடியாதாம். மறுநாள் காலை பெண்கள் பெட்டியில் காற்றுக் கட்சியார் லட்டு கொடுத்தார்கள். காலேஜ் டீச்சர்கூட முணுமுணுத்துக்கொண்டே ஒன்று எடுத்துக்கொண்டார். சிநேகிதி டப்பாவை என் முன்னால் நீட்டும்போது குரலைத் தாழ்த்தினாள். "எடுத்துக்கடி. உன் பொண்ணுக்கு சிம்பல் குடுக்கச் சொல்லி நானே சார்கிட்ட பேசுறேன்." சிம்பல் என்கிற அந்தப் பித்தளைத் தட்டுகளைத் தட்டிக்கொண்டும் நடக்கத்தானே வேண்டும்? நடந்தால் இழுக்காதா? அவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? சண்டை போட்டிருக்கலாம். நிற்கக்கூட இடமில்லாத பெட்டியில், அத்தனை பேர் பார்க்க, எனக்குத் தெம்பு இல்லை. "சரி விடு" என்று ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். சைதாப்பேட்டையில் இறங்கும்போதும் விரலில் நெய் பிசுபிசுத்தது.

சாயங்காலம் மகளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அவளுக்குப் பள்ளியிலேயே சொல்லிவிட்டார்கள். மேஜையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அடுத்த வருஷம் என்கூட வந்து உக்காரு. பாக்குறதும் ஒரு சுகம்தான்டி, பாத்தாதான் தெரியும்" என்றேன்.

அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "வாசிக்கிறதுன்னா இப்பவே வருவேம்மா. பாக்க வர மாட்டேன். பாக்க வர்றவங்கள எனக்குப் புடிக்கல."

அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நான் பார்க்க வருகிறவள்.