தங்கச்சிக்கு நேரே சொன்ன அழைப்பு

பார்க்டேலில் தனியே இருந்த வெள்ளைக்கார மூதாட்டி எல்சிக்கு வீட்டுவேலையும் சமையலும் செய்யப் புனிதவதி போய்க்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள்; நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டாள். கண் மட்டும் சும்மா இராது. காதில் விழும் ஆங்கிலத்தையெல்லாம் மனதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாக்கிக் கேட்பது அவள் வழக்கம்.

தொண்ணூற்றிநாலாம் ஆண்டு மாசியில் எல்சிக்கு எண்பது வயது வரவிருந்தது. பிறந்தநாள் அழைப்புக்கு எல்லாரும் பதில் போட்டுவிட்டார்கள், தங்கை வேராவைத் தவிர. எல்சி நாளுக்கு மூன்று தரம் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தாள். சகோதரிகள் பேசிப் பதினொரு வருடமாகியிருந்தது.

"காணிச் சண்டையோ அம்மா?" என்று புனிதவதி ஒருநாள் துணிந்து கேட்டாள்.

"காணியெண்டா வித்துப் பிரிச்சிருப்பம் பிள்ளை. இது எங்கட தீர்க்கதரிசியின்ர சங்கதி."

இருவரும் மோர்மன் குடும்பத்தில் பிறந்தவர்கள். சபையைத் தொடக்கிய அந்தத் தீர்க்கதரிசி இறந்து நூற்றைம்பது வருடம். அவருக்குப்பின் சபை பிரிந்தது. ஒரு பகுதியார் மேற்கே யூட்டாவுக்குப் போனார்கள். எல்சியின் பெற்றோர் போகாதவர்களின் சபை. தீர்க்கதரிசிக்கு ஒரே மனைவிதான், பலதார மணம் மேற்கே போனவர்கள் கொண்டுவந்த வேலை என்று கேட்டு வளர்ந்தவள் எல்சி. வேராவோ கலியாணம் முடித்து யூட்டாச் சபைக்குப் போனவள். அவர்தான் அதைத் தொடக்கினார், அதில் மறைக்க ஒன்றுமில்லை என்பது அவள் கட்சி. தாயின் செத்தவீட்டில், பெட்டிக்குப் பக்கத்திலேயே அது வெடித்தது.

புனிதவதியின் கணவன் கோணேஸ்வரன் கதையைக் கேட்டுச் சிரித்தான். "இப்ப அவையில ஆரும் ரெண்டு கட்டுகினமோ?"

"இல்லையாம். ரெண்டு பக்கமும் கூடாதெண்டுதான் சொல்லுகினமாம்."

"பேந்தென்ன? செத்த மனிசனுக்கு எத்தினை பெண்சாதியெண்டு இருக்கிறதுகள் ஏன் அடிபடுகுதுகள்?"

ஏன் அடிபடுகிறார்கள் என்பது புனிதவதிக்கு விளங்கியது. அவளுடைய தகப்பனுக்கு இரண்டு குடும்பம். அவள் இரண்டாம் வீட்டுப் பிள்ளை. மூத்த வீட்டுச் சகோதரங்களுக்கு அவளுடைய கலியாணக் கார்ட் தபாலில்தான் போனது. ஒருவரும் வரவில்லை. வீட்டுக்கு வந்து வாயால் சொல்லாவிட்டால் அதை ஓர் அழைப்பென்று ஊரில் யார் மதித்தார்கள்? எல்சியும் தங்கைக்குத் தபாலில்தான் அனுப்பியிருந்தாள்.

ஞாயிறு பின்னேரம் புனிதவதி பட்டுச்சேலைக்கு மேல் குளிர்க்கோட்டைப் போட்டாள். தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், கற்கண்டு வைத்துத் துணியால் மூடிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வேரா இருக்கும் ரெக்ஸ்டேலில் இறங்கினாள். எல்சி அறிந்தால் வேலை போகும். வழி முழுக்க அந்த நினைப்புத்தான்.

கதவைத் திறந்த வேராவின் முகம் மலர்ந்தது. "வாங்கோ, வாங்கோ! எங்கட ஊழியக்காரப் பெடியளோ அனுப்பினவங்கள்? ஞானஸ்நானத்துக்கு நாள் குறிச்சாச்சோ?"

ஊர்க் கதவெல்லாம் தட்டுகிற சபையில் இருப்பவளுக்கு, தன் கதவை ஒருத்தி வந்து தட்டியது பெரிய புதினம். புனிதவதி வாய் திறக்கமுன் அவள் கையில் சபையின் தடித்த வேதப்புத்தகம் ஒன்று இருந்தது.

"நான் அதுக்கு வரேல்லை அம்மா. வாற சனி உங்கட அக்காவுக்கு எண்பது. மத்தியானச் சாப்பாடு. குடும்பத்தோடை வரவேணும்."

வேரா தட்டைப் பார்த்தாள். "தான் பிழையெண்டு ஒத்துக்கொண்டவளோ?"

"இல்லை."

"அவளோ உன்னை அனுப்பினவள்?"

பொய் நாக்கில் வரவில்லை. "இல்லையம்மா. நானாத்தான் வந்தனான்."

வேரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்த எல்சி, வாசலில் நின்ற தங்கையின் கோட்டை வாங்கி மாட்டினாள். ஐந்து நிமிடம் சுகம் விசாரித்தார்கள். ஆறாவது நிமிடம் வேரா அக்காவின் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தீர்க்கதரிசி விலக்கச் சொன்ன தேத்தண்ணியோ குடிக்கிறாய்? நீயோ என்ர சபைக்கு நியாயம் சொல்லுறாய்?"

"நான் ஒரு கோப்பைதான் குடிக்கிறன். உன்ர ஆக்களைப் போல முப்பது நாப்பது வைச்சிருக்கேல்லை!"

வேராவுக்குக் கேக் புரையேறியது. புனிதவதி ஓடிப்போய் முதுகைத் தடவினாள். மற்ற விருந்தாளிகள் பார்த்திருக்க மூன்று மணித்தியாலம் வீடு அதிர்ந்தது. ஒருத்தியும் ஓரங்குலம் இறங்கவில்லை. கொஞ்சமாய்க் கொறிக்கிற எல்சி கேக்கில் இரண்டு துண்டு தின்றாள்.

வேரா போனபின் எல்சி கேட்டாள், "ஆர் அவளைக் கூப்பிட்டது?"

"நான்தான்." புனிதவதி நிலத்தைப் பார்த்தாள்.

"தட்டும் கொண்டு போனியாம்?"

"ஓம்."

எல்சி மேசைத் துணியைத் தட்டிச் சரிசெய்தாள். "அடுத்த சனி ஏதோ பழைய கடதாசியெல்லாம் கொண்டுவந்து என்னை மடக்கப் போறாளாம். வரட்டும், பாப்பம். போனில சொன்னால் மதிக்கமாட்டாளாம். நீ தட்டோடை போய்ச் சொல்லிப்போட்டு வா. கற்கண்டைக் கொஞ்சம் கூட வை."