லோகாவின் சைக்கிளுக்கு வெள்ளை பூச வேண்டாம்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பின்சக்கரத்தில் ஒடிந்து நின்ற செம்பனை முள்ளைக் குறடால் பிடுங்கினேன். முள் வெளியே வந்ததும் ஓட்டை அடைவதற்காக டயருக்குள் ஊற்றியிருந்த வெள்ளைப் பால் சீறிக்கொண்டு வந்தது. ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அது தானாக அடைபடும்வரை முன்வாசலில் குந்தியிருந்தேன். வேலை பார்க்கும் கல்லூரிக்குக் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. அப்போதுதான் மூர்த்தி அழைத்தார். லோகாவின் கணவர் காலை வேளையில் என்னை அழைப்பவர் அல்லர்.

"கஸ்தூரி, லோகா போயிட்டா. ராத்திரி வேலைக்குப் போன எடத்துல, நாற்காலியில உக்காந்தபடியே. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சாம்."

சீறல் நின்றுவிட்டது. சக்கரத்தை விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

லோகேஸ்வரியை உங்களில் பலருக்குத் தெரியும். ஜோகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர். ஐம்பதை எட்டவிருந்தாள். எங்கள் சைக்கிள் குழுவிலிருந்த பெண்களில் அவளே உயரம். ஆண்களில் ரவி ஒருவர்தான் அவளுக்குச் சமமாக நிற்பார். ஞாயிறு காலைகளில் அவளோடு யோங் பெங்கில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் செம்மண்ணில் விழுந்து எழுந்தவர்களுக்காகவும், அவளைப் பார்த்திராமல் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் அதிகம்.

சாவு வீட்டிலேயே அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. உடலைக் குளிப்பாட்ட எடுத்துச் செல்வதற்கு முன்பே, நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய சித்தி சொன்னார்: "சொன்னாக் கேட்டாளா? அம்பது வயசுல சிலுவாரு, கால்சட்டன்னு மாட்டிக்கிட்டு காட்டுல சைக்கிள். ஒடம்புச் சூடு தலைக்கு ஏறாம என்ன செய்யும்?"

"எங்க தாமான்ல, அடுத்த வீட்டுல ஒரு சீன அங்கிளும் ஓட்டுறாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"அவரு ஆம்பள லா."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அவ சைக்கிள்லேர்ந்து விழல சித்தி. ஏர்கோன் அறையில நாற்காலியில உக்காந்திருந்தா."

"அதத்தான் சொல்றேன். அத்தன நாளு சுத்துன அலுப்பு, உக்காந்ததும் வேலையக் காட்டிருச்சு."

நாற்காலியில் உட்கார்ந்து இறந்த ஒருத்திக்காக யாரும் நாற்காலியைத் திட்டவில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். சைக்கிள் லோகாவைக் கொல்லவில்லை. அவளுக்குப் பிடித்தமான ஒன்றை அவள் வெளிப்படையாகச் செய்தாள் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்றால், அதை அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள்.

அவள் சிரிப்பை நான் முதலில் கேட்டது ஒரு சண்டையின் நடுவில். சிங்கப்பூருக்குத் தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகும் ரவி, அங்கே ஒரு கடையில் மலைச் சைக்கிளை மொத்தமாக வாங்கினால் விலை குறைகிறது என்று கண்டுபிடித்து வந்தார். ஒரே மாடல், ஒரே அளவு. தைப்பூசத்துக்குக் காவடிக் குழு ஒரே நிறத்தில் சட்டை அடிப்பதில்லையா, அந்த உற்சாகத்தில் நாங்கள் எல்லோரும் பெயர் கொடுத்தோம். முன்னும் பின்னும் நீளமான ஸ்பிரிங் வைத்த, பனிமலைகளிலிருந்து பாய்ந்து இறங்குவதற்கென்றே செய்த வண்டி. யோங் பெங்கில் பனிமலை எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எதையாவது கேட்டவள் லோகா ஒருத்திதான்.

"இது என்ன, ஸ்கூல் யூனிஃபார்மா? எல்லாருக்கும் காலு கையி ஒரே அளவா?"

"மீடியம் எல்லாருக்கும் ஆகும் லா, லோகா" என்றார் ரவி.

"அப்ப உன் சிலுவார மூர்த்திக்குக் குடு. ஆகுதான்னு பாப்போம்."

குள்ளமும் பருமனுமான மூர்த்தி முதல் ஆளாகச் சிரித்தார், அடுத்து லோகா. ஆனாலும் அவளைத் தவிர எல்லோரும் வாங்கினோம். நெடிய ரவி அதன்மேல் வெட்டுக்கிளி போல முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இன்றுவரை அப்படித்தான் உட்காருகிறார். எங்கள் கூட்டத்திலேயே குட்டையான நான், கை நீட்டிச் சுவரைத் தள்ளுகிறவளைப் போல ஓட்டினேன். உள்ளங்கை மரத்துப்போகும். கழுத்து இரண்டு நாளைக்குத் திரும்பாது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு எந்த வலி வந்தாலும் முதலில் கிடைக்கிற பதில் அதுதான். நானே அதை எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் சவாரி முடிந்து கடையில் தே தாரிக் குடிக்கும்போது, கிளாஸைப் பிடிக்க முடியாமல் நான் இரண்டு கையாலும் தூக்கியதை லோகா பார்த்துவிட்டாள்.

"கைக்கு என்ன?"

"வயசாகுது, வேற என்ன."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தெரியுதுல்ல."

அவள் எழுந்து போய் என் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தாள். திரும்பி வந்து சொன்னாள்: "உன் ஒடம்புல கோளாறு இல்ல கஸ். ஒடம்ப அளக்காம வாங்குனதுதான் கோளாறு. அடுத்த வாரம் வீட்டுக்கு வா. சைக்கிளக் கொண்டாராத. நீ மட்டும் வா."

போனேன். அளவு நாடாவோடு காத்திருப்பாள் என்று நினைத்தேன். அவளோ கோப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க ஓட்டப் போற? அதச் சொல்லு மொதல்ல. சைக்கிள் அப்புறம்."

"உங்களோடதான்."

"நாங்க எங்க போறோம்னு கேக்கல. யாரும் வரல, நீ தனியாப் போற. எங்க போவ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கோப்பி ஆறும்வரை யோசித்துவிட்டு, மேடு ஏறப் பிடிக்கும், மூச்சு வாங்கி உச்சிக்கு வந்து நிற்கும்போது பிடிக்கும், இறங்கத்தான் பயம் என்றேன்.

"அலமாக். பின்ன எதுக்கு எறங்கறதுக்குன்னே செஞ்ச வண்டிய இவ்வளவு கனமாத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுற?"

அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் என் சைக்கிள் பிறந்தது. பெரிய வண்டியை விற்றோம். எனக்கேற்ற சின்ன பிரேம் தேடிக் கடை கடையாக அலைந்தோம். ஜோகூர் பாருவில் ஒரு கடைக்கார தவுக்கே, பெண்களுக்கென்றே வந்தது என்று இளம் ஊதா நிறத்தில் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். "கலர யாரு கேட்டா தவுக்கே? இவளுக்குக் கை நீளம் கம்மி. அதுக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்றாள் லோகா. அவர் அசரவில்லை. உள்ளே போய், தூசி படிந்த சாம்பல் நிற பிரேம் ஒன்றை எடுத்து வந்தார். அதுதான் இன்றும் என்னிடம் இருப்பது. பின்பக்க ஸ்பிரிங்கை அவள் வேண்டாம் என்றுவிட்டாள். முன்பக்கம் மட்டும் போதும், மேட்டில் மிதிக்கிற பலம் ஸ்பிரிங்கில் வீணாகக் கூடாது. மிதிப்பதற்கு லேசான பல்சக்கரம். ஈரச் செம்மண் ஒட்டிக்கொள்ளாமல் உதிர்ந்துபோக, ரப்பர்க் கட்டைகள் இடைவெளி விட்டு இருக்கும் டயர். அதன் பக்கச் சுவர் முள்ளுக்குத் தாங்கும்படி தடிமன். கைப்பிடியை இரு முனையிலும் அறுத்துச் சுருக்கினாள். பிரேக் பிடியை என் விரல் எட்டும் தூரத்துக்குத் திருகி உள்ளே கொண்டுவந்தாள். இறங்கும்போது பயம் என்றேனே, அதற்காகப் பொத்தானை அழுத்தினால் தாழும் இருக்கை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில், ஸ்பிரிங்காக வேலை செய்யும் காற்றை என் எடைக்கு ஏற்றபடி இறக்கினாள். அதுவரை நான் ஓட்டியது யாரோ ஒரு கனத்த ஆளுக்காக இறுக்கிவைத்த வண்டி. என் எடைக்கு அது அசையக்கூட இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

அதை ஓட்டிய முதல் ஞாயிறு என் கை மரத்துப்போகவில்லை. மேட்டின் உச்சியில் நின்று அழுதேன். "சைக்கிளுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்டுவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். நான் அழுதது சைக்கிளுக்காக இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவளைத் தேவதையாக்க எனக்கு விருப்பமில்லை. சங்கிலியில் மண்ணோடு வருபவரிடம் அன்று காலை முழுவதும் பேசமாட்டாள். தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டதே கிடையாது. ஒருமுறை கனத்தைக் குறைக்கிறேன் என்று தன் வண்டிக்கு மெல்லிய டயர் மாட்டி வந்து, பாதி வழியில் முள் குத்தி நடந்தாள். டயரைக் குறை சொன்னாளா? மரத்தைத்தான். "இந்த மரத்த யாரு இங்க வந்து நடச் சொன்னா?" மலேசியாவின் பாதியை நட்டு நிரப்பிய மரத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

ஆனால் தைரியம் என்பதைப் பற்றி அவளுக்கு ஒரு தெளிவு இருந்தது. மழை விட்ட ஒரு காலை. படிப்படியாக வெட்டிய சரிவு சவர்க்காரம் போல வழுக்கிக்கொண்டிருந்தது. லோகா இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

"என்ன லோகா, பயமா?" என்று மேலிருந்து ரவி கேட்டார்.

"ஆமா. ஒனக்கு இல்லையா? அப்ப நீ இன்னும் சரியாப் பாக்கல."

ரவி பார்க்காமலே சைக்கிளில் இறங்கி, சரிவின் அடியிலிருந்த கால்வாயில் போய் விழுந்தார். அவரைக் கைகொடுத்துத் தூக்கியவள் லோகாதான். கடைக்கு வந்து தேநீர் வந்தபிறகு, "தண்ணி எப்படி, ஆழமா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ரவிதான் பதினாறாம் நாள் காரியத்தின்போது, சாப்பாட்டுப் பந்தலில் இதைச் சொன்னார்: லோகாவின் சைக்கிளுக்கு முழுக்க வெள்ளைப் பெயிண்ட் அடித்து, யோங் பெங் தோட்ட நுழைவில் இருக்கிற கடையோரம் நிறுத்த வேண்டும். மாலை போட வேண்டும். "போறப்பல்லாம் கும்பிட்டுட்டுப் போலாம்." பந்தலில் பலர் அழுதார்கள். எல்லோரும் தலையசைத்தார்கள்.

"அவ என்ன முனீஸ்வரனா?" என்று கேட்டேன்.

"மரியாதைக்கு லா, கஸ்தூரி."

"மழையில நின்னா பேரிங் எல்லாம் துருப்புடிச்சிரும். அதுவா மரியாதை?"

"அப்ப நீங்க ஓட்டுங்க."

"எனக்கு அது பெரிசு."

"வைக்கவும் கூடாது, ஓட்டவும் முடியாது. அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

ரவி கெட்டவர் அல்லர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கோ வேண்டாம் என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஓட்டாத சைக்கிள் துணி காயப்போடத்தான் ஆகும் என்று சொன்னவளின் சைக்கிளைச் சாமியாக்கினால், நாளைக்கு அந்தச் சித்தி அதன் முன்னால் நின்று, பாத்தீங்களா, இதுதான் அவளக் கொண்டுபோச்சு என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார். வெள்ளை பூசிய சைக்கிள் சாலையில் அடிபட்டுச் செத்தவர்களுக்கு வைப்பது. அந்தப் பொய்க்கு நாங்களே பெயிண்ட் அடிக்க வேண்டுமா?

மூர்த்தி உள்ளே போனார். சைக்கிளை உருட்டி வந்து என் கார்மேல் சாய்த்தார். "சண்ட போடாதீங்க. கஸ்தூரி, நீ எடுத்துட்டுப் போ. என்னால அதப் பாக்க முடியல. நீ என்ன செஞ்சாலும் எனக்குச் சம்மதம். எங்கிட்ட மட்டும் கேக்காத."

"மறுபடி எல்லாரும் ரைடு போறதுக்கு முன்னால சொல்லிருங்க" என்றார் ரவி. எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவில் அவர் இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்.

வீட்டில் அம்மா அதைப் படியேற விடவில்லை. "வெளியவே வை. உன்னோடதயும் சேத்து யாருக்காச்சும் குடுத்துரு. அவளுக்கு ஆனது போதும். ரெண்டு புள்ளைங்களுக்குத் தாய் நீ." வீட்டில் மற்றவர்களும் அதையே நினைக்கிறார்கள், அம்மா மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னார். அடுத்த ஞாயிறு விடிந்ததும் கிளம்பினேன். தனியாகத்தான். மேட்டின் உச்சிவரை ஏறி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் போவேன்.

லோகாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவள் கேட்ட கேள்வியைத்தான். எங்கே போக விரும்புகிறாய் என்று அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாமே எல்லோருக்கும் ஆகும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவை. பொருந்தாதபோது நான் என்னையே குறை சொல்லிப் பழகியிருந்தேன். அந்தப் பழக்கத்தை அவள் ஒரு கோப்பி ஆறும் நேரத்தில் உடைத்துப் போட்டாள். அதைத் திரும்ப ஒட்டிக்கொள்ள மாட்டேன், அவள் சாவைக் காரணம் காட்டி யார் கேட்டாலும்.

ரவிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மூர்த்திக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. லோகாவின் சைக்கிளைப் பிரித்துவிடப் போகிறேன். பிரேம் ரவிக்கு. ஒரு நிபந்தனை, அவர் அதில் ஏறி ஓட்ட வேண்டும், நிறுத்திவைக்கக் கூடாது. சக்கரங்களும் முன் ஃபோர்க்கும் என் சாம்பல் நிற பிரேமுக்கு. அந்த ஃபோர்க்கில் பிரேமுக்குள் நுழையும் மேல்குழாய் அவள் உயரத்துக்கு வைத்தது, எனக்கு நீளம் அதிகம். சனிக்கிழமை தவுக்கேயிடம் கொண்டுபோய் அதை என் அளவுக்கு அறுக்கச் சொல்வேன். அறுத்தபின் அது அவள் சைக்கிளுக்குத் திரும்பவே முடியாது. தெரிந்துதான் அறுக்கிறேன்.