யார் இதில் கை வைத்தது?

புதிதாக வரும் நோயாளி வாயைத் திறந்ததும் பல் டாக்டர் உடனே எதுவும் சொல்லிவிட மாட்டார். விளக்கை இழுத்து நேராக்குவார். சின்னக் கண்ணாடியைக் கன்னத்துக்குள் விட்டு, மனை வாங்க வந்தவர்போல மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு 'ச்சு'.

"யாரு இதுல கை வெச்சது?"

வாய் நிறையப் பஞ்சோடு கிடக்கிறவர் என்ன பதில் சொல்வார்? பதிலுக்காகக் கேட்பதும் இல்லை. அந்த ஒரு கேள்வியில் ஊரிலுள்ள மற்றப் பல் டாக்டர்கள் எல்லாரும் கசாப்புக் கடைக்காரர்களாகிவிடுவார்கள்; நாற்காலியில் இருப்பவர் தப்பித்து ஓடிவந்த ஆடு. தட்டில் கருவிகளை அடுக்கும் உதவிப் பெண், 'ச்சு' கேட்டதுமே அடுத்த பஞ்சை எடுத்து நீட்டிவிடுவாள். அவ்வளவு பழக்கம்.

ஐம்பதை நெருங்கும்போது சிலருக்குச் சர்க்கரை வரும். டாக்டருக்கு பேஸ் கிட்டார் வந்தது. பல் மருத்துவர் சங்கத்தின் ஆண்டு விழாவில் அவர் மனைவி பாடுவாள், அவள் தம்பி கீபோர்டு வாசிப்பான். டாக்டர் முதல் வரிசையில் உட்கார்ந்து மனைவியின் கைப்பையைப் பார்த்துக்கொள்வார். ஒரே ஒரு வருஷமாவது கைப்பை இல்லாமல் அவள் பக்கத்தில் மேடையில் நிற்க வேண்டும் என்பது ஆசை. முப்பத்திரண்டு பல்லை மேய்க்கிறவனுக்கு நாலு தந்தி எம்மாத்திரம் என்று வாங்கிவிட்டார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் மூன்றாவது தந்தி முனக ஆரம்பித்தது. நடுக்கழுத்தில் விரலை வைத்து அழுத்தினால், சுரத்தோடு கூடவே டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி ஒரு ஜிர்ர். ஒத்திகையில் மச்சான் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்.

"அத்தான், வண்டு உங்களோடதா, கிட்டாரோடதா?"

"சின்ன விஷயம்டா. நான் பாத்துக்கறேன்."

"முடியலைன்னா விட்டுடுங்க. என் இடது கை சும்மாதான் இருக்கு. உங்க பேஸ் வேலையை அது பாத்துக்கும்."

அக்காவும் சிரித்துவிட்டாள். அதுதான் டாக்டருக்கு ஆறவில்லை.

கடையில் கொடுக்கலாமே என்றாள் மனைவி. கிட்டாரின் தலைப்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கிறது, அதற்குள் ஏதோ திருகு தெரிகிறது, அதைத் திருப்பிப் பார்த்தால் என்ன என்றும் கேட்டாள். வேர் வரைக்கும் போகிற கேஸ் இல்லை இது என்றார் டாக்டர். லேசாகக் கூசுகிறது என்று வருகிறவர்களைக்கூட வேர் சிகிச்சைக்குப் படுக்கவைக்கிறவர் சொன்னது இது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்துக் கிட்டாரை மல்லாத்தினார். பல்லை அடைத்த பிறகு "கடிங்க" என்று இடையில் வைப்பாரே, அந்த நீலத் தாளை, தந்திக்கும் ஃபிரெட் என்கிற குறுக்கு உலோகக் கட்டைகளுக்கும் நடுவில் செருகித் தந்தியை அழுத்தினார். ஒரு கட்டையின் உச்சியில் நீலப் பொட்டு விழுந்தது. பிடித்துவிட்டேன் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பல் ராவுகிற குட்டி மெஷினை எடுத்து அந்த மேட்டை ராவினார். திரும்பத் தாளை வைத்தார். பொட்டு அடுத்த கட்டைக்குப் போயிருந்தது. அதையும் ராவினார். மேடு இன்னும் ஒரு வீடு தள்ளிக் குடிபோனது. டாக்டர் விடவில்லை, துரத்திக்கொண்டே போனார். சாயங்காலம் துண்டெல்லாம் உலோகத் தூள்; ஒற்றை வண்டு கூட்டுக் குடும்பமாகியிருந்தது. எந்த இடத்தில் தொட்டாலும் ஜிர்ர்.

"ரெண்டு நாள் கூச்சம் இருக்கும்," என்றார் மனைவியிடம். "அப்புறம் தானா சரியாயிடும்."

ஆகவில்லை. மூன்றாம் நாள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மனைவி நடக்க, டாக்டர் இரண்டடி பின்னால் பழுது பார்க்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு பக்கமாகவே கடலை மென்றுகொண்டிருந்தார். சுவரோரம் சாய்ந்திருந்த மூன்று கிட்டார்கள் அவர் ஏற்கெனவே சரிசெய்து, சரியாகாமல் திரும்பி வந்தவை. அவர் விளக்கை இழுத்து நேராக்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரின் கழுத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, அதே 'ச்சு'.

"யாரு சார் இதுல கை வெச்சது?"

டாக்டரின் வாய் திறந்தது. பஞ்சு எதுவும் இல்லை. மனைவி உத்தரத்தில் தொங்கிய வயலினை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளியூர்ல... ஒருத்தர்கிட்ட குடுத்திருந்தோம்," என்றார் டாக்டர்.

"உள்ள ஒரு இரும்புத் தண்டு இருக்கு சார். தலைப்பக்கத் திருகைக் கால் சுத்து திருப்பியிருந்தா போதும், சத்தம் நின்னிருக்கும். இப்ப இந்தக் கட்டை எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புதுசு வைக்கணும். அவன் கையில எல்லாம் யாரு சார் கருவியைக் குடுத்தது?"

"அதானே," என்றார் டாக்டர். மனைவிக்கு இருமல் வந்துவிட்டது.

பிடுங்கி வைப்பதற்குள் விழா வந்து போய்விட்டது. மேடையில் மச்சானின் இடது கை பிரமாதமாக வேலை செய்தது. பக்கத்து நாற்காலி டாக்டர், இந்த வருஷம் பேஸ் நல்லா கேக்குதே என்றார். நம்மவர் நன்றி சொல்லிவிட்டு, மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைச் சரிபார்த்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அந்த உதவிப் பெண் வேறு வேலை கிடைத்துக் கிளம்பினாள். விடைபெற வந்தவளிடம் டாக்டரின் மனைவி சிரிக்கச் சிரிக்கக் கடைக் கதையைச் சொன்னாள். கடை எது என்று கேட்ட பிறகுதான் அந்தப் பெண் இதைச் சொன்னாள். அந்தக் கடைக்காரருக்குக் கடைவாய்ப் பல்லை அடைத்ததே டாக்டர்தான். அடுத்த வருஷம் அது வலிக்கிறது என்று அவர் திரும்பி வந்தபோது, முகம் மறந்தாலும் வாய் மறக்காது என்று சொல்லிக்கொள்ளும் டாக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்து, 'ச்சு' கொட்டி, யார் இதில் கை வைத்தது என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் உதவிப் பெண்ணைப் பார்த்தார். அவள் பஞ்சைப் பார்த்தாள். வெளியூரில் ஒருத்தர் என்று அவர் பஞ்சோடு சொன்னார். அந்த வெளியூர்க்காரனைத் திட்டிக்கொண்டே டாக்டர் பல்லைப் பிடுங்கினார்.