அம்மாவுக்குச் சுடாத தரை

குளோரின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நீச்சல் குளம் அல்ல, அதைச் சுற்றிப் போட்டிருந்த சிமென்ட் தரைதான். டெக்சஸின் ஜூலை வெயிலில் அது தோசைக்கல்லாய்க் காய்ந்து கிடக்கும். ரவுண்ட் ராக்கில் எங்கள் அபார்ட்மென்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரே பொது இடம் அந்த "ரெக் சென்டர்". கீழே குளம், மாடியில் வட்டமாக ஒரு நடைபாதை, பக்கவாட்டில் தனிக் கதவோடு கவுன்ட்டி அரசாங்கம் நடத்திய ஒரு சின்னக் கிளினிக். மற்ற எல்லாவற்றுக்கும், ஒரு கட்டு கொத்தமல்லிக்குக்கூட, கார் வேண்டும். கார் காலையில் அப்பாவோடு ஆபீசுக்குப் போய்விடும், அம்மாவுக்கு ஓட்டவும் தெரியாது.

ஈரோட்டிலிருந்து நாங்கள் அங்கே வந்தபோது எனக்கு ஒன்பது வயது. நான் பிறந்த நாளிலிருந்தே அம்மாவுக்குச் "சுகர்" இருந்தது, தினமும் நடக்க வேண்டும் என்று ஊர் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மாடிப் பாதையில் சுடிதாரும் ஷூவுமாக ஆன்ட்டிமார் கூட்டமொன்று டேகேர், ஃப்ரீவே, கிரீன் கார்டு என்று உலகத்துப் பேச்சையெல்லாம் பேசியபடி சுற்றிச் சுற்றி நடக்கும். அதில் எங்கள் மாடிவீட்டு பானு ஆன்ட்டிதான் அம்மாவுக்கு நெருக்கம். அந்தப் பாதையில் மட்டும்தான் அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

நடந்து முடித்தால் என்னைக் குளத்துக்குக் கூட்டிப் போவாள். உள்ளே நுழையும் இடத்தில், கோயிலுக்குள் போகிறவளைப்போலச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிடுவாள். ஜனங்கள் இறங்குகிற தண்ணீர்ப் பக்கம் செருப்புக்காலோடு போகக் கூடாது என்பது அவள் கட்சி. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் நானும் சூடு தாங்காமல் குதித்துக் குதித்து ஓடும்போது, அம்மா மட்டும் வெறுங்காலோடு சாவகாசமாக நடந்து வருவாள்.

"சுடலையாம்மா?"

"ஈரோட்டு வெயில்ல நடந்த காலு கண்ணு. இதெல்லாம் ஒரு சூடா?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கம்மா தீ மிதிப்பாள் என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டேன். சர்க்கரை நோய் கால் நரம்புகளைத் தின்றுவிட்டால் சூடு தெரியாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும்தான்.

இரண்டாவது கோடையில் அப்பாவுக்கு "ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சு". வேலையோடு மருத்துவ இன்சூரன்ஸும் போயிற்று. வேறு கம்பெனி ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டு விசாவைக் காப்பாற்றியது, ஆனால் அங்கே இன்சூரன்ஸ் வர மாதக்கணக்காகும் என்றார்கள். அம்மாவின் மாத்திரைகள் அதன்பிறகு ஊரிலிருந்துதான் வந்தன. யார் ஊருக்குப் போய்த் திரும்புகிறார்களோ அவர்களுடைய பெட்டியில் பருப்புப் பொடிக்கும் முறுக்குக்கும் நடுவே ஈரோட்டு மாமா கொடுத்துவிட்ட மாத்திரை அட்டைகள் வரும். எங்களவர்கள் எல்லார் வீட்டிலும் அப்படித்தான், அதில் ஒன்றும் அதிசயமில்லை. அடுத்த ஆள் வரத் தாமதமானால் அம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வாள்.

அந்த ஜூலையில்தான் அவள் வலது உள்ளங்காலில் கொப்புளம் வந்தது. வலிக்கவில்லை என்பதால் அதை யாரும் மதிக்கவில்லை. உடைந்து புண்ணானபோது மஞ்சள் பற்றுப் போட்டாள். புண் ஆறவில்லை, வாடை வரத் தொடங்கியது. ஒருநாள் குளத்திலிருந்து திரும்பும்போது, கிளினிக் வாசலில் நின்றிருந்த நர்ஸம்மா அம்மாவின் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துவிட்டாள். உள்ளே வாருங்கள், இங்கே யாரையும் எதுவும் கேட்க மாட்டோம், இன்சூரன்ஸும் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அம்மாவுக்கு அது புரிந்தது. கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டாள். பிறகு கண்ணாடியில் ஒட்டியிருந்த கவுன்ட்டி முத்திரையைப் பார்த்தாள். "ஹஸ்பண்ட். ஈவ்னிங்," என்று சிரித்துச் சமாளித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஏனுங்க, ஒருக்கா போய்க் காட்டிட்டு வந்துரட்டுமா?" என்று அன்று மாலை கேட்டாள்.

"கவர்மென்ட் காசுல வைத்தியம் பார்த்தா நாளைக்கு கிரீன் கார்டு அப்ளை பண்றப்ப நோண்டுவாங்க. நம்ம மூணு பேருக்கும் அவுட்டு. கொஞ்சம் பொறுத்துக்க."

அப்பா கொடுமைக்காரர் அல்ல. அவருடைய ஆபீசில் அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள், அவர்களுக்கும் யாரோ சொன்னதுதான். "கிரீன் கார்டு வரட்டும்" என்பது எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பதில். சோபா வாங்குவதற்கும் அதுதான், ஊரில் சாவுக்குப் போவதற்கும் அதுதான். புண்ணுக்கும் அதே பதிலைச் சொன்னார். ஈரோட்டு டாக்டரிடம் போனில் கேட்டு, பக்கத்து வீடுகளில் மீந்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வாங்கிக் கொடுத்தார். நான்கைந்து நாளில் அம்மாவுக்குக் குளிர் ஜுரம் வந்து, அப்பாவை அடையாளம் தெரியாமல் பேசத் தொடங்கினாள். அப்போதுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பானு ஆன்ட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் வராந்தாவுக்கு வந்து அழுதார். "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிருக்கக் கூடாதா? நான் அந்த கிளினிக்லதான் ரொம்ப நாளா பிரஷர் மாத்திரை வாங்குறேன். எங்களுக்கு கிரீன் கார்டும் வந்துருச்சு. இலவச வைத்தியத்துக்குப் போறோம்னு தெரிஞ்சா கேவலமா நினைப்பாங்கன்னு நானும் வெளியில சொல்லல." அந்த வட்டப் பாதையில் இரண்டு பேரும் தினமும் கைகோத்து நடந்தவர்கள். உலகத்தையே பேசினார்கள், இதை மட்டும் பேசவில்லை.

நான் கல்லூரியில் இருந்தபோது கிரீன் கார்டு வந்தது. மனசு கேட்காமல் அப்பா வக்கீலிடம் விசாரித்தார். அந்தக் கிளினிக்குக்கும் எங்கள் விண்ணப்பத்துக்கும் சம்பந்தமே இருந்திருக்காது என்று வக்கீல் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அப்பா காரில் ஏறி, சாவியைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த எனக்குத் திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தோன்றவில்லை.

கொரோனாவில் மூடிய ரெக் சென்டரை மறுபடி திறக்கவே இல்லை. போன மாதம் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு அந்த வழியாக வந்தபோது, வண்டியை நிறுத்தச் சொன்னாள். மாடிப் பாதையும் கிளினிக்கும் இருந்த இடத்தில் ஆபீஸ் கட்டடம் ஒன்று நின்றது. குளத்தை மூடி, தார் போட்டு, கார்கள் நிறுத்தியிருந்தார்கள். பானு ஆன்ட்டியும் வெளியூரில், பிளசன்டனில், மகளோடு போய்த் தங்கிவிட்டார்.

நான் சுற்றி வந்து கைகொடுப்பதற்குள் அம்மா தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கியிருந்தாள். செயற்கைக் காலை ஊன்றி, இடது கால் செருப்பைப் பழைய பழக்கத்தில் கழற்றி ஓரமாக விட்டிருந்தாள். நான் பதறிக் குனிந்தேன். தாரில் என் விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"சுடலையாம்மா?"

அம்மா கீழே தன் பாதத்தைப் பார்த்தாள். இந்த முறை ஈரோட்டு வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இல்ல கண்ணு," என்றாள்.