தறிக்கூடத்துக்கு வந்த சுபேதார்

சீனாவோடு சண்டை வந்த வருஷம், புதுச்சேரியில் எங்கள் மில் பட்டாளத்துக்குக் கூடாரத் துணி நெய்தது. துணியைச் சோதிக்க ஒரு சுபேதார் வந்தார். நெடிய ஆள், முறுக்கு மீசை. பேசும்போது ஒற்றைப் புருவம் மட்டும் மேலே ஏறும். வந்த வாரமே, கட்டிவைத்த துணியைப் பிரித்து, இழை விட்டிருக்கிறது என்று பாதியைத் தள்ளிவிட்டார். தறிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். மேஸ்திரியான நான்தான் கேட்டேன்.

"கட்டின பிறகு தள்ளுறீங்களே, நெய்யும்போதே சொன்னா ஆகாதாங்க?"

புருவம் ஏறியது. "பனியில எங்க ஆளுங்க இதுக்குள்ளதான்யா படுக்கணும். சரி, சொல்றேன். எங்க நிக்கட்டும்?"

மறுநாள் சங்கு ஊதியதும் தறிக்கூடத்தில் நின்றார். அதுவே தினசரி வழக்கமாயிற்று. தறி இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் எங்கள் கைஜாடையையும் கற்றுக்கொண்டார். நூல் அறுந்தால் அவர் கை உயரும், தறி நிற்கும், முடிச்சுப் போட்டதும் 'சரி' என்று எங்கள் ஜாடையிலேயே காட்டுவார், எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு கட்டுகூடத் தள்ளப்படாமல் முதல் லாரி கிளம்பிய அன்று வாசலில் ஒரே கூச்சல். எல்லோரையும் மிஞ்சி அவர் குரல்தான் கேட்டது.

"நம்ம துணி போவுது, பாருய்யா!"

எங்கள் துணி என்றைக்கு அவருக்கு 'நம்ம துணி' ஆனது? இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.