மாமாவை ரீமில் எடுத்த கோடை

எனக்குப் பத்து வயதாக இருந்த கோடையில், அப்பாவின் பேஸ்போல் ரீமில் யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்பதைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நாங்கள் குடியிருந்த மில்லிக்கனில் ஒருவரும் இல்லை என்று உறுதியாக நம்பினேன். அதற்குக் காரணமும் இருந்தது. ரிவியில் ஆட்டம் போகும்போது, வேறு யாரும் மாற்றிவிடாதபடி ரிமோட்டைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கடைசிப் பந்துவரை பார்ப்பது எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அப்பாகூட இடையில் குறட்டை விடத் தொடங்கிவிடுவார்.

அப்பாவின் ரீம் பெரிய ரீம் ஒன்றுமில்லை. அவரோடு வேலை செய்தவர்களும் எங்கள் தெரு அங்கிள்மார் சிலரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் விளையாடுவார்கள். அப்பாதான் கப்டன். மட்டைகளும் பந்துகளும் அவருடைய வான் வண்டியில் இருந்ததைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மைதானத்தின் கடைசிப் புல்லில் நின்று, உயரமாக வரும் பந்துகளைப் பிடிக்க மூன்று பேர் வேண்டும். அவுட்ஃபீல்டர் என்று சொல்வார்கள். அந்த மூவரில் ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டாலோ கலியாணவீடு வந்துவிட்டாலோ இறங்குவதற்கென்று இன்னொருவர் மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பார். அப்படிக் காத்திருந்த அங்கிள் விட்பியில் புது வீடு எடுத்துப் போனார். போனவர், ஞாயிறு முழுக்க வளவுக்குப் புல்லுப் பதிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டார். அவருடைய இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது.

இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் யூனியன்வில்லில் இருந்த, அப்பாவின் சிநேகிதர் ஒருவரின் மகன். பள்ளிக்கூட ரீமில் விளையாடுகிறவன், மான் மாதிரி ஓடுவான். மற்றவர் அம்மாவின் தம்பி.

மாமா அதற்கு முந்தின மாரியில்தான் வந்திருந்தார். ஊரை விட்டு வெளிக்கிட்டு, இடையில் ஏதோ ஒரு நாட்டு முகாமில் நெடுநாள் இருந்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தவர். எங்கள் பேஸ்மென்ட் அறையில் இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் மேலே வருவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்ப இறங்கிப் போய்விடுவார். எனக்கு வேறு மாமா இல்லாததால், மாமாக்கள் எல்லோரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

மாமாவைக் கேட்கப் போவதாக அப்பா சொன்னபோது அம்மா நம்பவில்லை. “உவன் ஒரு இடத்துக்கும் வரமாட்டான்” என்றார். ஆனால் அத்தான் வாய் திறந்து கேட்டதை மறுக்கத் தெரியாமல் மாமா வந்தார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் இருவரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய் அப்பா உயர உயரப் பந்து அடித்தார். நான் மட்டைப் பையின்மேல் ஏறி இருந்து பார்த்தேன்.

யூனியன்வில் பெடியன் ஒன்றையும் தவறவிடவில்லை. மாமா தோல் கையுறையை எறிகிற கையில் போட்டுக்கொண்டு நின்றார். அதை மாற்றிப் போட்ட பிறகும், பந்து ஒரு பக்கம் வர அவர் மற்றப் பக்கம் ஓடினார். கடைசியில் கையுறையைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு வெறும் கையால் பிடிக்கப் பார்த்தார். எறிவது மட்டும் நன்றாக இருந்தது. ஊரில் கிரிக்கெட் விளையாடிய கை. பந்து தாழ்வாகப் பறந்து, ஒரு குத்துக் குத்தி, நேரே அப்பாவின் மடிக்கு வந்தது. ஒரு நல்ல எறியை வைத்துக்கொண்டு ஒரு ரீம் என்ன செய்யும்?

வீட்டுக்குப் போகும் வழியில், மாமா பின்னால் இருக்கிறார் என்பதையும் பார்க்காமல், என் முடிவைச் சொல்லத் தொடங்கினேன். அப்பா வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போய்ச் சொல்லி முடித்தேன். பெடியன்தான் சரியான ஆள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அப்பா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“பெடியன் கெட்டிக்காரன்தான் பிள்ளை. ஆனா அவனுக்கு எங்கட ரீம் தேவையில்லை” என்றார்.

“ரீமுக்குத்தானே அப்பா ஆள் தேவை?” என்றேன்.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனார். அடுத்த ஞாயிறு மாமா நீலச் சட்டை போட்டு வாங்கில் இருந்தார்.

கோடை முழுக்க அங்கேதான் இருந்தார். மட்டைகளை அடுக்கினார், தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ஒருவருக்கும் முழங்கால் பிடிக்கவில்லை. நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன்.

கடைசி ஆட்டத்தில் வென்றால் நாங்கள் அரையிறுதிக்குப் போகலாம் என்ற நிலை. அன்றைக்கு அம்மாவும் பொரித்த ரோல்ஸ் பெட்டியோடு வந்திருந்தார். ஆட்டம் முடிகிற நேரம், எங்கள் அவுட்ஃபீல்டர் ஒருவருக்குக் கால் பிரண்டது. மாமா இறங்கினார்.

நாங்கள் ஒரு ஓட்டம் முன்னுக்கு நின்றோம். மற்ற ரீமுக்குக் கடைசி முறை. அவர்களில் ஒருவர் ஏற்கெனவே அவுட். இரண்டு பேர், ஓட்டம் எடுக்க மிதிக்க வேண்டிய வீட்டுத் தளத்துக்கு ஓடுவதற்குத் தயாராக மற்றத் தளங்களில் நின்றார்கள். மட்டைக்காரர் ஓங்கி அடிக்க, பந்து மேலே போய் மாமாவின் தலையையும் தாண்டியது. மாமா கையுறையை உதறி எறிந்துவிட்டு, திரும்பி ஓடி, விழுந்துகொண்டே இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். உண்மையைச் சொன்னால், ரிவியில்கூட நான் அப்படி ஒரு பிடியைப் பார்த்ததில்லை.

கிரிக்கெட்டில் என்றால் அதோடு அந்தப் பந்தின் கதை முடிந்தது. பேஸ்போலில், பந்து பிடிபட்ட பிறகுதான் தளத்தில் நிற்பவர்கள் ஓடலாம்; பந்தை எறிந்துதான் அவர்களை மறிக்க வேண்டும். அவர்கள் ஓடினார்கள். மாமாவும் ஓடினார். பந்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புல்லைச் சுற்றி. எங்கள் ஆட்கள் எல்லோரும் “எறி, எறி” என்று கத்தினார்கள். மாமா அவர்களுக்குக் கை காட்டினார். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மா எழும்பி நின்று கை தட்டினார். இரண்டாவது ஆளும் வீட்டுத் தளத்தை மிதித்து நாங்கள் தோற்ற கணத்தில், மாமா பந்தைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

மாமா மூச்சு வாங்க அப்பாவிடம் வந்தார்.

“அத்தான், நான் பிடிச்சிட்டனே. பிறகேன் அவங்கள் ஓடுறாங்கள்?”

அப்பா விளங்கப்படுத்தத் தொடங்கினார். பாதியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்து எறிகிற அங்கிள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். வென்றவர்களும் சிரித்தார்கள். மாமா ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்தார். மெதுவாக விளங்கியது. தலையில் கை வைத்தார். பிறகு அவரும் சிரித்தார். மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. புல்லில் மல்லாந்து விழுந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இப்படி ஒரு சத்தம் மாமாவிடம் இருக்கிறதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நியாயம் கேட்க அம்மாவிடம் போனேன். அம்மா மடக்குக் கதிரையில் குனிந்திருந்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தோளெல்லாம் குலுங்கியது. ஒரு ஆட்டத்தில் தோற்றதற்கு இவ்வளவு அழுகையா என்று நானே பயந்துபோனேன்.

“அழாதேங்கோ அம்மா. அடுத்த வருசம் அப்பாட்டச் சொல்லி வேற ஆளை எடுப்பம்” என்றேன்.

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். முகம் நனைந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இவனையே எடுக்கச் சொல்லு” என்றார்.

ஆட்டம் விளங்காத ஆளோடு இதையெல்லாம் கதைத்து என்ன பிரயோசனம் என்று நான் ரோல்ஸ் பெட்டியைத் திறந்தேன்.