முளைவிட்ட உளுந்துக்குக் கோயிலில் இடமில்லையா?

காலை ஆறே முக்காலுக்குக் கோவில்பட்டியில் ரயிலிறங்கி, பன்னிரண்டு ரூபாய் டீயைக் குடித்துவிட்டு, நெல்லைப் பேருந்தில் ஏறினேன். இடைசெவலில் இறங்கி, கிழக்கே நான்கு கிலோமீட்டர் ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். அந்த ஊர்க் கிறிஸ்தவச் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு நான்தான் பிரசங்கி. சோதனை விசுவாசத்தைப் பலப்படுத்தும் என்று நாகர்கோவிலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதிய நான்கு பக்கம் பையில் இருந்தது.

வழியில் ஆட்டோக்காரர் ஒரு புஞ்சையைக் காட்டினார்.

"அந்தா பாருங்க அண்ணாச்சி. தை மாசம் பேயுத மழையா இது? அறுக்கப்போற நேரத்துல கொட்டி, உளுந்து பூராம் செடியிலேயே மொளச்சுப்போச்சி. எங்களுக்கும் இதே கதிதான், ஒங்க வேதக்காரவியளுக்கும் இதே கதிதான்."

எட்டரைக்குக் கோயில் வாசலில் இறங்கினேன். அறுப்பின் பண்டிகையென்றால், அவரவர் காட்டில் விளைந்ததில் முதல் பங்கைப் பீடத்தின் முன் படைக்க வேண்டும். அதை வாங்கி உள்ளே அனுப்ப, சபைச் செயலாளர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் என்ன இருந்தது தெரியுமா? சந்தையில் வாங்கிய வாழைத்தார், அன்னாசி, ஆப்பிள்! மானாவாரிக் கரிசலில் எந்தக் காலத்தில் ஐயா ஆப்பிள் காய்த்தது?

ஞானம்மாள் என்ற ஐம்பது வயதுப் பெண் ஒருவர் சுளகு நிறைய உளுந்து நெற்றோடு வந்தார். நெற்றெல்லாம் வெடித்து, வெள்ளை முளை நீட்டிக்கொண்டிருந்தது. செயலாளர் முகம் சுளித்தார்.

"ஏம்மா, இதையா ஆண்டவருக்குக் கொண்டு வருதீய? எல்லாரும் கடையில வாங்கி வைக்காங்கல்லா? இது சோதனைக் காலம், விசுவாசத்தைக் காட்டணும். இதை வீட்டுக்குக் கொண்டு போங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுதி வைத்திருந்ததைத்தான் அந்த மனிதர் சொன்னார் என்பதில் இன்னும் எரிச்சல். "அவிய கொண்டு வந்ததை வாங்குங்க!" என்று கத்திவிட்டேன். விருந்தாளி சும்மா இருக்கலாமே என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

ஞானம்மாள் நகராமல் செயலாளரிடம் சொன்னார்.

"அண்ணாச்சி, போன வருசம் நல்லா வெளஞ்சிது, நல்லதக் கொண்டாந்தேன், வாங்குனீய. இந்த வருசம் எங்காட்டுல வெளஞ்சது இதான். கடையில வாங்கி வச்சி அவர்ட்ட பொய் சொல்லச் சொல்லுதீயளா? மழ பேஞ்சது அவருக்குத் தெரியாதா?"

"பாக்கவங்க சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். எனக்கு அவரு மேல கோவம் இருக்கு. கோவத்தோடதான் வந்திருக்கேன். ஆனா வந்திருக்கேம்லா?"

சொல்லிவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், ஆப்பிள் கூடைகளை ஒதுக்கிப் பீடத்தின் முன் சுளகை வைத்தார். யாரும் தடுக்கவில்லை. சிரிக்கவுமில்லை. முதல் பாட்டு முடிவதற்குள் பெண்கள் பக்கத்தில் இருவர் எழுந்து வீட்டுக்குப் போய், அவரவர் வீட்டு முளைத்த உளுந்தோடு திரும்பினார்கள். நான் என் காகிதத்தை எடுக்கவேயில்லை. மழையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் சபையிலும் இதே பண்டிகை உண்டு. பழக்கூடையைப் பளபளக்கும் தாள் சுற்றி வைப்போம், நானும்தான். கெட்டுப்போன ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பீடம்வரை நடக்க எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை. வெட்கக்கேடு!

பதினொன்றரைக்கு ஆட்டோ ஏறும்போது ஞானம்மாளிடம் கேட்டேன்: "இன்னும் கோவம் இருக்காக்கா?"

"இருக்கு," என்றார். "அடுத்த ஞாயித்துக்கெழமயும் வந்து அவர்ட்டயே கேப்பேன்."